அழகியின் சவுரி

1

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் மணி நேரத்திலேயே எனக்கு இரங்கல் வர ஆரம்பித்துவிட்டது. இங்கே கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளான் ஊரில், ஓட்டல் துணிகளை வெளுக்கும் லாண்டரி ஒன்றில் வேலை செய்கிறேன். மெஷினிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் என் வேலை. அன்றைக்கு மடிக்கக் கை வைப்பதற்குள் பங்களாதேஷ்காரர் ஒருவர் வந்து தோளைத் தொட்டார். சூப்பர்வைசர் அம்மா ஒரு பாக்கெட் பிஸ்கெட்டைக் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் நேராகவே கேட்டார்.

"அப்பாவா, அம்மாவாண்ணே?"

"ரெண்டு பேரும் எப்பவோ போயிட்டாங்க தம்பி. இப்ப யாரும் சாகல."

"அப்புறம் மொட்டை?"

"பொண்ணு அழகிப் போட்டிக்குப் போச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனுஷனுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்ற முடிவு இருந்தது. நானும் விளக்கவில்லை. ஒரு வண்டி விரிப்பு காத்துக்கொண்டிருந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு மட்டும் முழுதாகச் சொல்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் மகள் தர்ஷினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா மாலதியும் இந்த நாட்டுக்காரி. வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் நீல நிற அடையாள அட்டை. எனக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரன் இல்லை என்று அர்த்தம். அதற்காக நான் ஏறி இறங்கிய ஆபீஸ் படிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும்.

கோலாலம்பூரில் வேலை கிடைத்து தனி அறை எடுத்துப் போனபின் தர்ஷினி வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் போனில் யாரிடமாவது இங்கிலீஷில் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள், ஒரு சர்வதேச அழகிப் போட்டிக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று. நிறைய நாட்டுப் பெண்கள் வருவார்களாம். இறுதிச் சுற்று சென்னையில்.

மாலதி கை தட்டினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். யார் கூட்டிக்கொண்டு போவார்கள், எங்கே தங்கவைப்பார்கள், என்ன உடுத்தச் சொல்வார்கள் என்று வரிசையாகப் பயம் வந்தது. ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். தடிமனாக இருந்தது. எனக்கு அதில் ஒரு வரியும் புரியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். அவள் பொறுமையாக விரல் வைத்துச் சொன்னாள்.

"இது எடை பத்திப்பா. இது பச்சை குத்தக்கூடாதுன்னு. இது முடி. ஜெயிச்சா ஒரு வருஷத்துக்கு அவங்களக் கேக்காம முடியில கை வைக்கக்கூடாது."

"உன் முடியவா?"

"ஆமாப்பா. என் முடியத்தான்."

அன்று அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

3

எனக்கு ஒரு பழக்கம். பயம் வந்தால் குறிஞ்சிப்பாடிக்குப் போன் போட்டுவிடுவேன். அங்கே என் அக்கா தனம் இருக்கிறாள். அம்மா போனபின் எனக்கு எல்லாம் அவள்தான். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. அதனால் தர்ஷினி மேல் அத்தைக்குரிய பாசமும் உரிமையும் கொஞ்சம் ஜாஸ்தி.

விஷயத்தைச் சொன்ன மறுவாரமே அவளிடமிருந்து போன்.

"டேய் தம்பி, திருவந்திபுரம் போயிருந்தேன்டா. தேவநாத சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வந்துட்டேன். புள்ள ஜெயிச்சா முழு மொட்டை."

"யாருக்குக்கா?"

"யாருக்கா? ஜெயிக்கப்போறது யாரு? நீயா?"

நம் பக்கத்தில் இது சகஜம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையின் முடியை வேண்டிக்கொள்வோம். பரீட்சையில் பாஸானால் பாஸானவன் தலை. யாருக்கு நல்லது நடக்கிறதோ அவர் தலைதான் காணிக்கை. அக்கா அந்தக் கணக்கில் வேண்டியிருக்கிறாள். அழகிப் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்கு மொட்டை போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, சிரிக்கிற சத்தம் கேட்டது.

"மச்சான், உங்கக்கா சாமிகிட்டயே வம்பு இழுத்துட்டு வந்திருக்கா. கிரீடத்த எங்க வெப்பாங்க, வழுக்கிக்கிட்டு வுழுந்துடாது?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. "முடி வளந்துடும். பேரு வளருமா?"

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். முடியில் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றேன்.

"அவனுங்க ஆரு எம் மருமவ முடிக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதே கேள்வியை அக்காவிடமும் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போனது. ஜெயித்தால் வேண்டுதல் முன்னால் வந்து நிற்கும். வேண்டுதலைச் செய்தால் ஒப்பந்தம் போகும். செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் வரும். ஜெயிக்காவிட்டால் பிள்ளை அழும். எதற்காக விளக்கேற்றுவது என்று தெரியாமல் சும்மா ஏற்றிக்கொண்டிருந்தேன். தர்ஷினியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4

போட்டிக்கு வந்த பெண்களை இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஊர் சுற்றிக் காட்டினார்கள். பிச்சாவரத்தில் படகு, பிறகு சிதம்பரம் கோயில். நான் லீவு போட்டுக் குறிஞ்சிப்பாடிக்கு வந்திருந்தேன். அக்காவும் நானும் காலையிலேயே போய்க் கீழ சன்னதியில் நின்றுவிட்டோம். கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், சைக்கிள்கள், ஆட்டோக்கள், காலேஜ் பிள்ளைகள். அந்தப் பக்கம் தரையில் தென்னை நார்ப் பாய் விரித்திருந்தது.

"என்னா சார், ஷூட்டிங்கா?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்.

"அழகிப் போட்டியாம். எல்லா நாட்டுப் பொண்ணுங்களும் வர்றாங்களாம்."

"அதுக்கு ஏன் ரோட்ட அடைக்கணும்? எங்க பொண்ணுங்கல்லாம் நடந்துதான போவுது?"

பக்கத்தில் பூ விற்கிற அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வரட்டும் வரட்டும், முழம் நாலு போவும்," என்று சொன்னார்.

பஸ் வந்தது. வரிசையாக இறங்கினார்கள். எல்லாருக்கும் யாரோ புடவை கட்டிவிட்டிருந்தார்கள். மடிப்பு அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து எல்லாரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். குறுக்கே நாட்டுப் பெயர் எழுதின பட்டை. செருப்பில்லாத கால். பாய் கொஞ்ச தூரத்தோடு முடிந்துபோயிருந்தது, அதற்கப்புறம் வெயிலில் காய்ந்த தார். அங்கே வந்ததும் உலகத்து அழகிகள் எல்லாரும் நம் ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே குதித்துக் குதித்து ஓடினார்கள். கூட்டம் சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. ஒவ்வொருத்திக்கும் எங்கோ ஒரு அப்பன் கவலைப்பட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

தர்ஷினி பின்னால் வந்தாள். தங்க நிறப் பட்டு. வீட்டில் பார்த்ததைவிட நீளமாக, முழங்கால் வரைக்கும் தொங்குகிற பின்னல்.

"பாப்பா," என்று அக்கா கூப்பிட்டாள். குரல் பெரிதாக வரவில்லை. அவள் திரும்பினாள். கூடவே வந்த ஏற்பாட்டுக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டுவிட்டுக் கயிற்றுக்கு அருகில் வந்தாள். குனிந்து கயிற்றுக்குக் கீழே கை நீட்டி அக்காவின் காலைத் தொட்டாள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னலைக் கையில் எடுத்து, கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரித் தடவினாள்.

"எம்மாம் முடி. எங்கம்மா முடி அப்படியே. சாமிக்குக் குடுக்க மனசு வராது போலருக்கே," என்றாள்.

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். தாமதமாகிவிட்டது.

"சாமிக்கு ஏன் குடுக்கணும் அத்த?" என்று தர்ஷினி கேட்டாள்.

அக்கா சொன்னாள். முழுதும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

நான் தலையாட்டினேன்.

"அவங்க கையெழுத்து வாங்கறப்ப என் முடிய எடுத்துக்கிட்டாங்க. நீங்க வேண்டிக்கிட்டு எடுத்துக்கிட்டீங்க. அவங்களாச்சும் எங்கிட்ட கேட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பக்கத்தில் நின்ற, தென் அமெரிக்கப் பக்கத்து நாட்டுப் பெண் ஒருத்தி என்னவென்று விசாரித்தாள். தர்ஷினி இங்கிலீஷில் சொன்னதும் அந்தப் பெண் கண்ணை அகலத் திறந்து, தன் தலையில் கை வைத்து, காதுக்குப் பின்னால் ஏதோ கிளிப்பைத் தட்டி, ஒரு கற்றை முடியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போலச் சிரித்தாள்.

அக்கா பின்னலை விட்டுவிட்டாள்.

"இது என்னடி, சவுரியா?"

"ஆமா அத்த. எல்லாருமே வெச்சிருக்கோம். இதுலயும் பாதி என் முடி இல்ல. என்னோடது தோளுக்குக் கீழ கொஞ்சந்தான்."

"மீதி ஆருது?"

"தெரியல. நிஜ முடிதான். இந்தியாலேர்ந்துதான் வருதாம். கோயில்ல குடுப்பாங்களே, அதெல்லாம் சேத்து வித்துடுவாங்களாம்."

அதற்குள் ஏற்பாட்டுக்காரப் பெண் வந்து அவள் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வரிசை கோபுரத்துக்குள் போனது. தர்ஷினி திரும்பிப் பார்க்கவில்லை.

பூக்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எம் மூத்த பொண்ணு முடியுந்தான் குடுத்தோம், வைத்தீஸ்வரன் கோயில்ல. எந்தச் சீமையில, எவ தலையில இருக்கோ," என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கம் நடந்தார்.

5

திரும்பும் பஸ் புவனகிரியைத் தாண்டியது. அக்கா சொன்னாள்.

"ஒருத்தி சாமிக்குக் குடுத்தத இன்னொருத்தி வேண்டிக்கிட்டுத் திருப்பிக் குடுத்தா, சாமி என்னடா நெனைக்கும்?"

"வேண்டுதல வாபஸ் வாங்க முடியாதாக்கா?"

"என்னா பேசுற? கடையில வாங்குன துணியா? வாய் வுட்டுச் சொல்லியாச்சு."

அன்று சாயங்காலம் தர்ஷினி ஓட்டலிலிருந்து போன் செய்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் தேவலை.

"அப்பா, நான் இதெல்லாம் நம்பறதில்ல. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா."

"ஆனா இப்ப மேடையில நடந்து பாக்கறப்பல்லாம் அது ஞாபகம் வருது. ஜெயிச்சா என்ன பண்றதுன்னு. பயமா இருக்குப்பா. ஜெயிக்கறதுக்கே பயமா இருக்கு. அத்தகிட்ட சொல்லி எப்படியாச்சும் மாத்திடுங்க."

சின்ன வயதில் இடி இடித்தால் என் பக்கம் வந்து படுத்துக்கொள்வாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்றேன். எப்படி என்று தெரியாமலே சரி என்றேன்.

அக்காவிடம் போய் நின்றேன். அவள் யோசித்து, தலையை மாற்றலாம் என்றாள். ரத்த சம்பந்தம் உள்ளவர் தன் தலையைக் கொடுத்தால் பிள்ளையின் தலை விடுபட்டுவிடும். அதுவும் முடிவு தெரிவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். "நானே குடுத்துர்றேன். வேண்டிக்கிட்டவ நாந்தான," என்றாள். மாமா படுக்கையிலிருந்தபடி, "அடுத்த மாசம் எந் தம்பி பொண்ணு கல்யாணம். முன்னால நின்னு ஆரத்தி எடுக்க வேண்டியவ மொட்டையா நின்னா எனக்கு என்னமோ ஆயிட்டுதுன்னு ஊர்ல ஒப்பாரி வெச்சுடுவாங்க," என்றார்.

எஞ்சியது நான்.

அக்கா என் தலையைப் பார்த்தாள். "உந் தலையில என்னடா இருக்கு? நாலு முடி. சாமிய ஏமாத்துறதா?"

"சாமி என்னா எண்ணியாக்கா வாங்குது?"

"எண்ணாது. ஆனா பாக்கும்," என்றாள்.

6

இறுதிச் சுற்று நடந்த அன்று காலை திருவந்திபுரம் போனோம். முகூர்த்த நாள். கெடிலம் ஆற்றுப் பக்கம் கல்யாணக் கூட்டம் நிற்க இடமில்லை. மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முடி எடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். தலையில் தண்ணீர் தெளித்தவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆரு பேர்ல வேண்டுதல்?"

"பொண்ணு பேர்ல."

"பொண்ணு எங்க?"

"அழகிப் போட்டிக்குப் போயிருக்கு."

கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைக் குனிந்து பார்த்தார். "அப்பா ஜாடை அதுக்கு வராம இருந்தா, அதுவே பாதி ஜெயிச்ச மாதிரி," என்று சொல்லிவிட்டு வழித்தார். அக்கா சிரித்துவிட்டாள். சிதம்பரத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான்.

சந்தனம் பூசி, மலைப் படிக்கட்டுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துத் தர்ஷினிக்கு அனுப்பினேன். "மாத்தியாச்சு. நீ பயப்படாம நட" என்று மட்டும் எழுதினேன். அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. போனையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார்களோ என்று அதற்கு ஒரு கவலை.

சாயங்காலம் மாமாவின் போனில் நிகழ்ச்சியைப் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. சிதம்பரத்தில் தாரில் குதித்த பெண்கள் எல்லாரும் பளபளவென்று வரிசையாக நின்றார்கள். தர்ஷினி நடந்து வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. அத்தனை பெரிய சிரிப்பை நான் அவள் முகத்தில் பார்த்து வெகு நாளாயிற்று. அடுத்த சுற்றுக்குப் பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு நாடாகக் கூப்பிட்டார்கள். கடைசிப் பெயர் வரைக்கும் அவள் பெயர் வரவில்லை. ஓரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சவுரிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. அது வருத்தமா, நிம்மதியா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அக்கா போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிக்கல. அப்ப எதுக்குடா குடுத்தோம்?"

கத்தி வைக்கும்போது நான் என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டிருந்தேன். அவள் முடி அவளிடமே இருக்கட்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

7

திரும்பி வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற அம்மா என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிவப்பு அட்டையைக் கேட்டார். அதிலும் முடி. தொப்பியைக் கழற்றச் சொல்லி, குரலைத் தாழ்த்தி மலாயில், யார் இறந்துபோனார்கள் என்று விசாரித்தார். இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு மலாய் அவசரத்துக்கு வராது. என் பிள்ளை, அழகு ராணி என்பது வரைக்கும்தான் வந்தது. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து, முத்திரையைக் குத்தி, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டி எடுக்கிற இடத்துக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பிள்ளை செத்துப்போனதாக நினைத்துவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு பேச்சு ஆகாதே என்று திரும்பி ஓடினேன். ஒரு முறை தாண்டி வந்துவிட்டால் அந்தப் பக்கம் போக முடியாது என்று காவலர் கையை நீட்டித் தடுத்தார். வீடு வரைக்கும் அதே கவலை.

தர்ஷினி எனக்கு முன்பே கோலாலம்பூர் திரும்பியிருந்தாள். வீட்டுக்கு வரவில்லை. வேலை இருக்கிறது என்று மாலதிக்குச் செய்தி. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் அனுப்பிய படத்துக்கும் பதில் இல்லை. நான் மாற்றியதாலேயே தோற்றோம் என்று நினைக்கிறாளோ, என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று இருக்கிறாளோ என்று லாண்டரியில் விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடித்தேன்.

8

போன வாரம் வந்தாள். கதவைத் திறந்தவன் யாரோ என்று நினைத்து வழி விட்டேன். முடியைக் காதுக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தாள்.

"ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சுல்ல," என்றாள். "ரொம்ப நாளா ஆசை."

என் தலையைப் பார்த்தாள். முள் முள்ளாக முளைத்திருந்தது, பாதி வெள்ளை. உள்ளங்கையால் முன்னும் பின்னும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மேடைக்குப் போறதுக்கு முன்னாடிதான்பா உங்க படத்தப் பாத்தேன். சந்தனத்தோட, பாஸ்போர்ட்டுக்கு நிக்கற மாதிரி நின்னுக்கிட்டு. சிரிச்சுச் சிரிச்சு கண் மையெல்லாம் போயி, மேக்கப் பண்ற அக்கா திட்டிட்டாங்க. அந்தச் சிரிப்போடயே நடந்துட்டேன்."

"அதனாலதான் உம் பேரக் கூப்பிடலையா?"

"தெரியல. பயமில்லாம நடந்தேன்பா. அது போதும்."

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு போட்டேன். போன் பேசாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டதும் அவளே குறிஞ்சிப்பாடிக்கு வீடியோ போட்டாள். அக்கா திரையில் வந்து, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"கீழ வுழுந்த முடிய எடுத்து வெச்சியாடி?"

"இல்ல அத்த. கடையில பெருக்கிட்டாங்க."

அக்கா பெருமூச்சு விட்டாள். "சரி வுடு. உம் முடி. உன்ன நான் கேட்டிருக்கணும்." பிறகு, "நீ வெச்சிருந்த அந்தச் சவுரி? அதையும் பெருக்கிட்டாங்களா?"

"அது பையில இருக்கு. திருப்பிக் கேக்கல அவங்க."

"அத அனுப்பி வுடு. குடுத்தவ எந்தப் புள்ளைக்காக வேண்டிக்கிட்டாளோ, நடந்துச்சோ நடக்கலையோ. தலை தலையா அலைய வேணாம். நான் கொண்டுபோயி சாமிகிட்டயே சேத்துர்றேன்."

நான், தபாலில் முடி அனுப்ப விடுவார்களா, பாரத்தில் என்னவென்று எழுதுவது என்று கவலைப்பட ஆரம்பித்தேன். தர்ஷினி பையைத் திறந்து அந்த நீளமான கற்றையை எடுத்தாள். பைக்குள் கிடந்து சிக்குப் பிடித்திருந்தது. தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சீவினாள். வலித்துவிடக் கூடாது என்பது போல மேலே ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சீவினாள். திரைக்குள்ளிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த," என்றாள் தர்ஷினி, தலையைத் தூக்காமல். "எண்ணெய் வெச்சுப் பின்னி அனுப்பட்டுமா?"